கய் நாட்டுப் புலியின் குடும்பம்

தக்கேடா ஷிங்கென் என்னும் பெயர் நம்மில் பலருக்கு ஏட்டின் வழியாக அன்று, திரையின் வழியாகவே அறிமுகமாயிற்று. அகிரா குரோசாவா 1980ஆம் ஆண்டில் எடுத்து, கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதினைப் பகிர்ந்துகொண்ட 'காகெமுஷா' என்னும் படத்தின் கரு அவனது இறப்பேயாகும். போர்க்களத்தின் நடுவே மாயும் தலைவன் ஒருவன் தன் இறப்பினை மூன்றாண்டுகள் மறைக்குமாறு பணிக்கின்றான். அவனைப் போன்ற தோற்றமுடைய திருடன் ஒருவன் அவனது இருக்கையில் அமர்த்தப்படுகின்றான். திரைப்படச் சங்கம் ஒன்றின் காட்சியில் அப்படத்தைக் கண்ட நாளிலிருந்து ஒரு வினா என்னை விடாது தொடர்ந்தது. மகன் ஒருவன் வளர்ந்து நிற்கும்போது தந்தையின் இறப்பினை மறைக்க வேண்டிய தேவை யாது? மகன்மீது நம்பிக்கை இல்லையா? விடை தேடிப் புகுந்தபோது கிடைத்தது ஒரு போர்வீரனின் வரலாறு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வரலாறு. இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு அதனையே எழுதத் துணிந்தேன்.

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் சப்பான் நாட்டில் பேரரசர் கியோத்தோ நகரில் இருந்தார். அவர் பெயரால் ஆளவேண்டிய ஷோகுன் என்னும் படைத்தலைவரும் இருந்தார். இருவர்க்கும் ஆற்றல் இல்லை. நாடு நூற்றுக்கு மேற்பட்ட குறுநிலத் தலைவர்களின் கையில் சிதறிக் கிடந்தது. இத்தலைவரைத் தைம்யோ என்பர். 'போரிடும் நாடுகளின் காலம்' என்று வரலாற்றாசிரியர் வழங்கும் அக்காலத்தில், ஃபுஜி மலைக்கு வடக்கே, நாற்புறமும் மலை சூழ்ந்த கய் என்னும் சிறு நாட்டினை ஆண்ட குடி தக்கேடாக் குடியாகும். இன்று யமனாஷி மாநிலம் என வழங்குவது அந்நாடே. கடலில்லை, நெல் விளையும் சமவெளியும் மிகக் குறைவு. இவ்விரண்டு குறைகளும் ஷிங்கெனின் வாழ்வு முழுதையும் நடத்திச் சென்றன எனலாம்.

அவன் பிறந்தது 1521ஆம் ஆண்டில். பகைவர் படை கய் நாட்டுள் புகுந்திருந்த நேரம் அது. நிறைசூலியான அவன் தாய் ஓயி அம்மையார் மாளிகைக்குப் பின்னிருந்த மலைக்கோட்டையில் அடைக்கலம் புகுந்து, அங்கே மகனைப் பெற்றாள். தந்தை நொபுதோரா அப்போரில் வென்றான். சிதறிக் கிடந்த கய் நாட்டுச் சிறுதலைவர்களை அடக்கி ஒன்றாக்கியவனும், கோஃபு நகரைத் தலைநகராக்கி அங்கே சுட்சுஜிகசாகி மாளிகையைக் கட்டியவனும் அந்நொபுதோராவேயாவான். மகன் பெற்ற பெரும்பேறுகள் பலவும் தந்தை இட்ட அடித்தளத்தின்மீது எழுந்தவை என்பதை மறத்தலாகாது. பின்னாளில் அதனை மறக்கவே கய் நாட்டார் பெரிதும் விரும்பினர்.

பெயரில் ஓர் எழுத்து

இவண் சப்பானியப் பெயரிடும் மரபு குறித்துச் சிறிது கூறல் வேண்டும். மொழி பயிற்றும் எனக்கு இவ்வரலாற்றின் திறவுகோலாகத் தோன்றியது அதுவே.

உயர்குடிப் பிள்ளைக்கு இளமையில் ஒரு பெயர். வளர்ந்து முடிசூடும் சடங்கு நிகழ்ந்தபின் வேறொரு பெயர். அப்பெயர் பெரும்பாலும் இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. ஓரெழுத்து குடிக்குரியது, தந்தைக்கும் மகனுக்கும் பேரனுக்கும் வழிவழி வருவது. மற்றது பெரும்பாலும் மேலோர் ஒருவர் தம் பெயரினின்று பரிசாக அளிப்பது. தக்கேடாக் குடிக்குரிய எழுத்து 'நொபு' என்பதாகும். நொபுதோராவின் மகன் 1536ஆம் ஆண்டில் ஷோகுன் யோஷிஹருவிடமிருந்து 'ஹரு' என்னும் எழுத்தினைப் பெற்று ஹருநொபு ஆயினான். 1559ஆம் ஆண்டில் தலையை மழித்துப் பௌத்த நெறியில் சமயப் பெயர் பூண்டபோது ஷிங்கென் ஆயினான். ஷிங்கென் என்பதன் முதலெழுத்தும் அதே 'நொபு'தான். சீன ஒலிப்பில் அது 'ஷின்' எனப்படும். துறவுப் பெயரிலும் அவன் குடியெழுத்தினைத் துறக்கவில்லை. அவ்வெழுத்தின் பொருள் நம்பிக்கை என்பதாகும். அவனுடைய பெரும்பகைவரான கென்ஷின், நொபுனாகா இருவரின் பெயரிலும் அதே எழுத்து இருப்பது தற்செயல் நிகழ்ச்சி. ஆயினும் எண்ணும்போது நகை தருவது.

எல்லையில் மூடிய வாயில்

நொபுதோரா மூத்தவனை விடுத்து இளையவன் நொபுஷிகேயை விரும்பினான் என்றும், அவனுக்கே பட்டம் கட்ட எண்ணினான் என்றும் பழைய நூல்கள் கூறும். 1541ஆம் ஆண்டில் நொபுதோரா தன் மருமகனைக் காணத் தெற்கே சுருகா நாட்டுக்குச் சென்றான். அம்மருமகன் இமகாவா யோஷிமோதோ; ஹருநொபுவின் தமக்கையை மணந்தவன். நொபுதோரா எல்லையைக் கடந்ததும் ஹருநொபு பின்னால் வழியை அடைத்துவிட்டான். ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் ஆட்சி மாறியது. தந்தைக்கு வயது ஐம்பதை ஒட்டியது, மகனுக்கு இருபத்தொன்று. நொபுதோரா ஆட்சித் தலைவனாகக் கய் நாட்டுக்குத் திரும்பவேயில்லை. அவன் மனைவி ஓயி அம்மையார் கணவனுடன் செல்லாது மகனுடனேயே தங்கி, 1552ஆம் ஆண்டில் கய் நாட்டிலேயே மறைந்தாள்.

இச்செயலை நியாயப்படுத்தப் பின்னூல்கள் நொபுதோராவைக் கொடுங்கோலனாகத் தீட்டின. கருவுற்ற பெண்ணின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தான் என்பது போன்ற கதைகளும் எழுந்தன. சீனத்துக் கொடிய மன்னர்க்கு ஏற்றப்பட்ட பழிகள் அப்படியே இவன்மீதும் ஏற்றப்பட்டமை கண்கூடு. அவற்றை நம்ப வேண்டுவதில்லை. அக்காலக் கோயிற் குறிப்புகள் தருவது எளிய, ஆனால் கடுமையான செய்தி: ஓயாத போர், அதற்கான வரி, 1540, 1541ஆம் ஆண்டுகளில் பெரும் பஞ்சம். மக்களும் படைத்தலைவரும் நொபுதோராவால் களைத்துப் போயிருந்தனர். மகன் ஒருவனாகச் செய்த சதியன்று அது. மூத்த படைத்தலைவர் பலர் உடன் நின்று செய்தது.

தந்தையின் செல்லப்பிள்ளையாகக் கூறப்படும் நொபுஷிகே யாது செய்தான் என்பதே எனக்கு வியப்பளிப்பது. அவன் அண்ணனுக்கு எதிராக ஒருநாளும் எழவில்லை. வலக்கையாக இருந்து இருபதாண்டுகள் உழைத்தான். 1558ஆம் ஆண்டில் தன் மகனுக்கு 99 அறிவுரைகள் கொண்ட ஏடு ஒன்றினை எழுதி வைத்தான். தலைவனுக்கு மாறாக நினையாமையே அதன் முதன்மையான பொருள். 1561ஆம் ஆண்டில் கவனகஜிமா என்னும் ஆற்றிடைச் சமவெளியில், மூடுபனி விலகிய காலைப்பொழுதில், உயெசுகி கென்ஷினின் படை கண்முன் நின்றபோது, அண்ணனைக் காக்கப் போரிட்டு மடிந்தவன் அவனே. கவனகஜிமாவில் ஷிங்கெனும் கென்ஷினும் 1553 முதல் 1564 வரை ஐந்து முறை எதிர்நின்றனர். கென்ஷின் தனியனாகக் குதிரைமீது பாய்ந்துவந்து வாளோச்ச, ஷிங்கென் இருந்தவாறே போர்விசிறியால் தடுத்தான் என்னும் காட்சியை ஓவியங்களும் நாடகங்களும் கொண்டாடுகின்றன. அது கதையாகவே இருக்கட்டும். ஐந்து போர்களிலும் எவரும் முழுவெற்றி பெறவில்லை; ஷிங்கென் தம்பியை இழந்தான் என்பதே உண்மையான கணக்கு.

கரையும் சட்டமும்

போர்க்களச் செய்திகளை விரைந்து கடந்து வேறு ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். கோஃபுச் சமவெளியில் கமனாஷி ஆறும் அதனோடு வந்து மோதும் மிதாய் ஆறும் மழைக்காலந்தோறும் வயல்களை அழித்து வந்தன. ஷிங்கென் அவ்வெள்ளத்தை உயர்ந்த சுவரால் மறிக்க முயலவில்லை. மிதாய் ஆற்றின் ஓட்டத்தில் கல்லாலான முகப்புகளை அமைத்து நீரை இரண்டாகப் பிரித்தான்; பிரிந்த வெள்ளத்தை எதிர்க்கரையிலிருந்த செங்குத்தான பாறையில் மோதவிட்டு அதன் வேகத்தை வெள்ளத்தைக் கொண்டே அடக்கினான். கீழே கட்டிய கரைகளைத் தொடர்ச்சியாகக் கட்டாது இடையிடையே திறப்பு விட்டுக் கட்டினான்; மிகுநீர் அத்திறப்பின் வழியே பின்வாங்கி நின்று, வெள்ளம் வடிந்ததும் தானே ஆற்றுக்குத் திரும்பும். கரைமேல் மரங்கள் நடப்பட்டன. 1560ஆம் ஆண்டளவில் கரையருகே குடியேற முன்வந்தோர்க்கு வரி நீக்கி, கரையைக் காக்கும் பொறுப்பினை அவர்களிடமே ஒப்படைத்தான். ஊர்த் திருவிழாவில் மக்கள் தெய்வத்தைச் சுமந்துகொண்டு கரையை மிதித்துச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. விழாவே கரையை இறுக்கும் வேலையாகவும் அமைந்துவிடுகின்றது. 'ஷிங்கென் கரை' என்று அதனை அவ்வூரார் இன்றும் வழங்குகின்றனர்.

1547ஆம் ஆண்டில் அவன் இயற்றிய கய் நாட்டுச் சட்டத்தொகுப்பில் ஒரு விதி உண்டு. தலைவனாகிய தானே சட்டத்துக்கு மாறாக நடப்பின், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வேறுபாடின்றி யாரும் முறையிடலாம் என்பது அதன் கருத்து. வாளே சட்டமாயிருந்த காலத்தில் ஒருவன் தன்னைச் சட்டத்தின்கீழ் வைத்து எழுதினான் என்பது சிறிய செய்தியன்று. மலைகளிலிருந்து பொன் எடுக்கப்பட்டது. அதனைக் கொண்டு கய் நாட்டில் நிலையான மதிப்புடைய பொன்நாணயம் வழங்கியது. நான்கின் மடங்காக அமைந்த அந்நாணயக் கணக்கினைப் பின்னர் தோகுகாவா அரசு நாடு முழுமைக்கும் ஏற்றுக்கொண்டது.

தன் நாட்டில் இத்துணை நேர்த்தியாக வெள்ளத்துக்கு வழிவிடக் கற்றவன், தன் வீட்டில் அதனைக் கற்கவில்லை.

பெயரில்லாப் பெண்கள்

ஷிங்கெனின் பட்டத்தரசி கியோத்தோவின் உயர்குடியான சஞ்ஜோக் குடும்பத்தில் பிறந்தவள். 1536ஆம் ஆண்டில் மலைநாட்டுக்கு மணமகளாக வந்தாள். சஞ்ஜோ அம்மையார் என்றே நூல்கள் அவளைச் சுட்டுகின்றன. பெற்றோர் இட்ட பெயர் யாதென எந்நூலும் கூறவில்லை. புதினங்களில் அவள் செருக்குடைய தலைநகரப் பெண்ணாகவும், பொறாமைக்காரியாகவும் வருகின்றாள். ஆனால் அவளை நேரில் அறிந்த எரின்ஜி மடத்துத் தலைவர் கைசென், அழகும் கனிவும் உடையவள் என்றே அவளைப் போற்றினார். அவள் தங்கை ஒசாகாவின் ஹொங்கன்ஜி மடத் தலைவர் கென்னியோவை மணந்தவள். பிற்காலத்தில் ஷிங்கெனும் அம்மடத்தாரும் ஓடா நொபுனாகாவுக்கு எதிராகக் கைகோத்தமைக்கு இவ்வுறவும் ஒரு காரணம். பெண்ணின் பெயர் மறக்கப்படுகின்றது; அவளால் விளைந்த கூட்டணி வரலாறாகின்றது.

இன்னொருத்தியின் கதை மேலும் துயரமானது. சுவா என்னும் ஏரிநாட்டின் தலைவன் யோரிஷிகே. அங்குள்ள பெருங்கோயிலின் வழிவழிப் பூசகக் குடியினன். ஷிங்கெனின் தங்கை நெனே 1540ஆம் ஆண்டில் அவனுக்கு மணமுடிக்கப்பட்டாள். தந்தையைத் துரத்திய மறு ஆண்டே, 1542இல், ஷிங்கென் அம்மைத்துனன்மீது படையெடுத்தான். யோரிஷிகே பணிந்தான், கோஃபுவுக்குக் கொண்டுவரப்பட்டான், தோகோஜி என்னும் மடத்தில் தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டான். அப்போது நெனேயின் கையில் சில திங்களே ஆன ஆண்குழவி இருந்தது. அடுத்த ஆண்டே அவளும் மறைந்தாள். யோரிஷிகேக்கு வேறொரு மனைவிவழிப் பிறந்த மகள் ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் ஷிங்கென் தன் துணைவியாக்கிக்கொண்டான். தன் தந்தையைக் கொன்றவனுக்கு 1546ஆம் ஆண்டில் அவள் ஒரு மகனைப் பெற்றாள். 1555இல் இளவயதிலேயே இறந்தாள். அவளுடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. சுவாச் சீமாட்டி என்பதே ஏடுகளில் உள்ளது. யசுஷி இனோவே தம் புதினத்தில் அவளுக்கு ஒரு பெயர் இட்டார். ஜிரோ நித்தா தம் புதினத்தில் வேறொரு பெயர் இட்டார். வரலாறு தவறவிட்டதை இலக்கியம் இருமுறை நிறைவு செய்திருக்கின்றது.

அம்மகனுக்குக் கட்சுயோரி என்று பெயரிட்டனர். 'யோரி' என்பது சுவாக் குடியின் எழுத்து. தக்கேடாவின் 'நொபு' அவன் பெயரில் இல்லை. அழிக்கப்பட்ட தாய்க்குடியை அவனைக் கொண்டு மீண்டும் நிறுவுவது, அதன்வழிச் சுவா மக்களை அமைதிப்படுத்துவது என்பது ஷிங்கெனின் திட்டம். அவன் தக்கேடாவின் தலைவன் ஆவான் என்று பெயரிட்ட அன்று ஒருவரும் கருதவில்லை.

மூன்று திருமணங்கள்

1550களின் தொடக்கத்தில் கய் நாட்டின் ஷிங்கென், சுருகாவின் இமகாவா யோஷிமோதோ, ஒடாவாராவின் ஹோஜோ உஜியாசு மூவரும் ஒருவரோடொருவர் பகைப்பதில்லை என உடன்பட்டனர். உடன்பாட்டுக்கு முத்திரையாக மூன்று பெண்கள் இடம் மாறினர். யோஷிமோதோவின் மகள் 1552இல் ஷிங்கெனின் மூத்தமகன் யோஷிநொபுவுக்கும், ஷிங்கெனின் மூத்தமகள் 1554இல் ஹோஜோ உஜிமாசாவுக்கும், உஜியாசுவின் மகள் யோஷிமோதோவின் மகன் உஜிசனேக்கும் மணமுடிக்கப்பட்டனர். ஷிங்கெனின் மகளுக்கு அப்போது அகவை பன்னிரண்டு. அவளை அனுப்பிய ஊர்வலத்தில் மூவாயிரம் குதிரைகளும் பதினாயிரம் மக்களும் சென்றனர் என அக்காலத்துக் குறிப்பு ஒன்று கூறுகின்றது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். தந்தையின் பெருமிதம் மிகையன்று. அவள் 1557இல் கருவுற்றபோது, மகப்பேறு நலமாக அமையின் ஃபுஜி மலைக்குச் செல்லும் வழியிலுள்ள சுங்கச்சாவடியை நீக்குவேன் என்று ஷிங்கென் கோயிலில் வேண்டிக்கொண்டான். இறந்தபின் அவளுக்கு அளிக்கப்பட்ட ஓபாய்-இன் என்னும் சமயப் பெயரே இன்று அவளுக்கு உரியதாக நிற்கின்றது.

1560ஆம் ஆண்டில் இமகாவா யோஷிமோதோ ஓகெஹசாமாவில் ஓடா நொபுனாகாவின் சிறுபடையால் கொல்லப்பட்டான். சுருகா நாடு தளர்ந்தது. அந்நாட்டில் கடல் இருந்தது. கய் நாட்டில் இல்லை. ஷிங்கெனின் எண்ணம் எங்கே சென்றிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் பட்டத்து மகன் யோஷிநொபுவின் மனைவி யோஷிமோதோவின் மகள். மாமனைக் கொன்றவனோடு தந்தை உறவாடுவதையும், மனைவியின் பிறந்தகத்தின்மீது தந்தை கண்வைப்பதையும் அவனால் ஏற்க இயலவில்லை. 1565ஆம் ஆண்டில் யோஷிநொபு தந்தைக்கு எதிராகச் சதி செய்தான் என்று குற்றம் எழுந்தது. அவனை வளர்த்த முதுபெருந்தலைவன் ஓபு தொரமாசா உயிரிழந்தான். யோஷிநொபு தோகோஜி மடத்தில் சிறைவைக்கப்பட்டான். அதே ஆண்டில்தான் நொபுனாகாவின் வளர்ப்பு மகள் கட்சுயோரிக்கு மணமகளாகக் கய் நாட்டுக்கு வந்தாள். இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

தந்தையைத் துரத்தி ஆட்சிக்கு வந்தவன், தன் மகனும் அவ்வாறே செய்வான் என அஞ்சியிருக்கலாம். ஆயினும் இரண்டாண்டுகள் அவனைக் கொல்லாது வைத்திருந்தான் என்பதையும் நோக்குதல் வேண்டும். மனம் மாறுவான் என்று காத்திருந்தானோ? 1567ஆம் ஆண்டில் முப்பதாம் அகவையில் யோஷிநொபு அம்மடத்திலேயே இறந்தான். நோயால் என்பர் சிலர்; தன்னைத் தானே மாய்த்துக்கொண்டான் என்பர் சிலர். சுவாவின் யோரிஷிகே உயிர்விட்டதும் இதே தோகோஜி மடம்தான். இருவர் கல்லறைகளும் அங்கே உள்ளன. மைத்துனனைக் கொன்ற இடத்தில் மகனை அடைத்தான். அம்மகன் இறந்ததால், அம்மைத்துனனின் பேரனான கட்சுயோரி, பெயரில் குடியெழுத்து இல்லாத மகன், தக்கேடாவின் தலைவனாகும் நிலை உருவாயிற்று. எந்தப் புதின ஆசிரியரும் இத்துணைத் துணிவாகக் கதை பின்னமாட்டார்.

யோஷிநொபுவின் மனைவி சுருகாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இமகாவா கய் நாட்டுக்கு உப்பு செல்வதைத் தடுத்தான். அந்நாளில் கென்ஷின் பகைவனுக்கு உப்பு அனுப்பினான் என்னும் கதையிலிருந்து பிறந்த பழமொழி சப்பானில் இன்றும் வழங்குகின்றது. அவன் அத்தடையில் சேராது வணிகரை வழக்கம்போல் விற்கவிட்டான் என்பதே வரலாற்றாசிரியர் கருத்து. 1568ஆம் ஆண்டின் இறுதியில் ஷிங்கென் சுருகாவுக்குள் புகுந்தான். மூன்று திருமணங்களால் கட்டிய உடன்பாடு நொறுங்கியது. உஜியாசுவின் மகள், ஏறிச் செல்லப் பல்லக்கும் இன்றிக் கணவனோடு கால்நடையாகத் தப்பி ஓட நேர்ந்தது; உஜியாசு அதனை மறக்கவில்லை. ஷிங்கெனின் மகள் ஓபாய்-இன் ஒடாவாராவிலிருந்து கய் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள் என்பது நெடுநாளாக வழங்கிய செய்தி. அவள் கணவனோடிருந்தே இறந்தாள் என்று அண்மைக்கால ஆய்வாளர் கருதுவர். எவ்வாறாயினும் 1569ஆம் ஆண்டில் இருபத்தேழாம் அகவையில் அவள் மறைந்தாள். அவளுக்காகச் சுங்கச்சாவடியை விட்டுக்கொடுத்த தந்தைக்கு இப்போது கடற்கரை கிடைத்திருந்தது.

சஞ்ஜோ அம்மையாரின் மூத்தமகன் சிறையில் மாண்டான். இரண்டாம் மகன் ரியூஹோ இளமையிலேயே பார்வை இழந்து துறவியானான். மூன்றாம் மகன் சிறுவனாகவே இறந்தான். இப்போது மூத்தமகளும் போனாள். மறு ஆண்டு, 1570இல், அம்மையாரும் மறைந்தாள்.

மேற்கு நோக்கி

1572ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஷிங்கென் பெரும்படையோடு மேற்கே புறப்பட்டான். 1573ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மிகதகஹராவில் தோகுகாவா இயேயாசுவை முறியடித்தான். பின்னாளில் சப்பான் முழுவதையும் ஆண்ட இயேயாசு வாழ்நாளில் கண்ட பெருந்தோல்வி அது. நொபுனாகாவோடு மோதும் நேரம் நெருங்கியிருந்தது. ஆனால் நோடாக் கோட்டையைக் கைப்பற்றியபின் படை நின்றது; திரும்பத் தொடங்கியது. ஷிங்கென் நோயுற்றிருந்தான். 1573 மே 13ஆம் நாள் ஷினானோ நாட்டுக் கொமபாவில் வழியிலேயே உயிர் நீத்தான்.

கட்சுயோரிக்குத் தந்தை விட்டுச் சென்ற நிலை இரங்கத்தக்கது. 'கோயோ குன்கன்' என்னும் தக்கேடாக் குடியின் பெருநூல் கூறுவதன்படி, உண்மையான வாரிசு கட்சுயோரியின் சிறுமகனே. 'நொபு' எழுத்தினைப் பெற்ற நொபுகட்சு. அச்சிறுவன் பதினாறு அகவை எய்தும்வரை கட்சுயோரி பதிலாளியாக மட்டும் இருத்தல் வேண்டும். குடியின் கொடியையும் ஏந்தலாகாது. மூன்றாண்டுகள் இறப்பினை மறைக்க வேண்டும் என்பதும் அந்நூல் கூறுவதே. நொபுனாகாவும் கென்ஷினும் சில திங்களுக்குள் உண்மையை உணர்ந்துகொண்டனர். ஆயினும் பெருஞ்சடங்கு எரின்ஜி மடத்தில் 1576ஆம் ஆண்டில்தான் நிகழ்ந்தது. திரைப்படம் கண்டபோது எழுந்த என் வினாவுக்கு விடை இங்கே உள்ளது. கட்சுயோரியின் ஆற்றலில் ஐயமில்லை. அவன் பெயரில்தான் ஐயம் இருந்தது. சுவாவின் மகனுக்குத் தக்கேடாவின் முதுதலைவர்கள் முழுமனத்தோடு பணியமாட்டார்கள் என்பதைப் பெயரிட்ட தந்தையே நன்கு அறிவான்.

இடையே ஒரு முதியவர் திரும்பி வந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எல்லையில் அடைபட்ட நொபுதோரா, துரத்திய மகன் இறந்தபின்னும் உயிரோடிருந்தான். ஷினானோவிலுள்ள தகாதோக் கோட்டையில் பேரன் கட்சுயோரியைக் கண்டான். 1574ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தான். ஓவியத்தில் வல்ல அவன் மற்றொரு மகன் நொபுகாதோ அம்முதியவரின் உருவத்தை வரைந்து வைத்தான். முன்னரே தாய் ஓயி அம்மையாரையும் அவன் வரைந்திருந்தான். கணவனும் மனைவியும் வெவ்வேறு மடங்களில் இன்றும் ஓவியங்களாக இருக்கின்றனர். ஷிங்கெனுக்கு அப்பேறும் உறுதியாக வாய்க்கவில்லை. பருத்த உடலும் அருகே பருந்துமாக அவன் பெயரால் உலகெங்கும் பரவிய ஓவியம் அவனுடையதுதானா என்று இன்றைய ஆய்வாளர் ஐயுறுகின்றனர்.

1582

1575ஆம் ஆண்டில் நாகஷினோவில் நொபுனாகா, இயேயாசு இருவரின் கூட்டுப்படையிடம் கட்சுயோரி பெருந்தோல்வி கண்டான். தந்தை காலத்துத் தலைவர் பலர் அங்கே மடிந்தனர். அதற்குப்பின்னும் ஏழாண்டுகள் தாக்குப்பிடித்தான் என்பதை அவனைப் பழிப்போர் மறந்துவிடுகின்றனர். 1582இல் முடிவு விரைந்து வந்தது. முதலில் பிரிந்தவன் ஷிங்கெனின் மருமகன் கிசோ யோஷிமாசா. அடுத்தவன் மற்றொரு மருமகன் அனயாமா. கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. தகாதோ ஒன்றுதான் போரிட்டது. அதனைக் காத்தவன் ஷிங்கெனின் ஐந்தாம் மகன் நிஷினா மொரிநொபு. முற்றுகையிட்டவன் நொபுனாகாவின் மகன் நொபுதாதா. அந்நொபுதாதாவுக்குத்தான் மொரிநொபுவின் உடன்பிறந்த தங்கை மட்சு, ஏழு அகவையில், 1567ஆம் ஆண்டில் நிச்சயிக்கப்பட்டிருந்தாள். ஷிங்கெனின் மேற்குப் படையெடுப்பு அதனை முறித்துவிட்டது. ஒரே நாளில் தகாதோ வீழ்ந்தது, மொரிநொபு மாண்டான்.

கட்சுயோரி தான் புதிதாகக் கட்டிய கோட்டைக்குத் தானே தீயிட்டுவிட்டு ஓடினான். அடைக்கலம் தருவதாகக் கூறிய ஓயமாடா நொபுஷிகேயும் வழியை அடைத்தான். நொபுதோராவுக்கு நிகழ்ந்தது பேரனுக்கும் நிகழ்ந்தது. அவனுடைய இரண்டாம் மனைவி ஹோஜோ குடும்பத்தவள், வயது பத்தொன்பது. பிறந்தகம் செல்லுமாறு கணவன் கூறியும் அவள் செல்லவில்லை. கணவனின் வெற்றிக்காக அவள் எழுதியதாகக் கருதப்படும் வேண்டுதல் ஏடு ஒரு கோயிலில் காக்கப்பட்டு வருகின்றது. பழைய நாட்காட்டியின்படி மூன்றாந் திங்கள் பதினொன்றாம் நாள், தானோ என்னும் மலைச்சிற்றூரில் கட்சுயோரி, அவன் மனைவி, மகன் நொபுகட்சு மூவரும் மாண்டனர். நொபுகட்சுவுக்கு அவ்வாண்டுதான் பதினாறு அகவை நிறைந்திருந்தது. அடுத்த திங்கள் எரின்ஜி மடத்தைப் பகைவர் எரித்தனர். சஞ்ஜோ அம்மையாரைப் போற்றிய கைசென் அத்தீயில் மறைந்தார். அவ்வாண்டு நடுவில் நொபுனாகாவும் நொபுதாதாவும் கியோத்தோவில் தம் படைத்தலைவன் ஒருவனாலேயே வீழ்ந்தனர்.

மட்சு அண்ணன்மாரின் சிறுபெண்களை அழைத்துக்கொண்டு மலைகளைக் கடந்து ஹச்சியோஜிக்குத் தப்பினாள். நொபுதாதா அவளை அழைத்துவர ஆளனுப்பினான், அவள் செல்லும் வழியில் அவன் இறப்புச் செய்தி எட்டியது என்று அவ்வூரில் ஒரு கதை வழங்குகின்றது. அவள் மணம் செய்துகொள்ளவில்லை. ஷின்ஷோ என்னும் பெயரோடு துறவியானாள். அப்பெயரின் முதலெழுத்தும் தந்தையின் 'ஷின்', குடியின் 'நொபு' என்பது குறிக்கத்தக்கது. அவளுடைய தங்கை கிகு உயெசுகிக் குடியில், தந்தை ஐந்து முறை எதிர்நின்ற கென்ஷினின் வளர்ப்பு மகனுக்கு மனைவியாகி, இளைய தம்பி ஒருவனுக்கு அங்கே நிழல் கிடைக்கக் காரணமானாள். பார்வையிழந்த ரியூஹோவும் 1582இல் இறந்தான்; ஆனால் அவன் மகன்வழிக் கிளையே, இசு ஓஷிமாத் தீவில் நாடுகடத்தப்பட்டிருந்து 1663இல் மன்னிப்புப் பெற்று, தக்கேடாவின் பெயரைப் பின்னும் நிலைநிறுத்தியது.

மற்றொரு மகள் கென்ஷோ-இன், தம்பியரைக் கைவிட்ட அனயாமாவின் மனைவி. கைம்பெண்ணாகித் தோகுகாவா குடியின் ஆதரவில் எதோ நகரில் வாழ்ந்தாள். இரண்டாம் ஷோகுன் ஹிதேதாதாவுக்கு மறைவாகப் பிறந்த ஓர் ஆண்குழந்தையை வெளியறியாமல் வளர்க்கும் பொறுப்பு 1613ஆம் ஆண்டில் அவளிடம் வந்தது. ஹச்சியோஜித் துறவியான தங்கையும் அதில் துணைநின்றாள். மட்சு 1616இல் மறைந்தாள். மறு ஆண்டு, ஏழு அகவையினனான அச்சிறுவன், முன்னாள் தக்கேடா வீரர் குடியான ஹொஷினாவுக்கு மகனாக்கப்பட்டு மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டான். பின்னாளில் அய்சு நாட்டை ஆண்டு பெரும்புகழ் பெற்ற ஹொஷினா மசயுகி அவனே. அன்று அவன் போய்ச் சேர்ந்த கோட்டை தகாதோ.